பிலாத்துவின் ஸ்டெபிலைசர்

என் லேப்டாப்பைக் கொண்டுபோய் நெல் தூற்றும் ஃபேன் முன்னால் வைத்துவிட்டார்கள்.

நீங்கள் படித்தது சரிதான். லேப்டாப்… நெல் தூற்றும் ஃபேன்… இடம், திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் என் மனைவியின் ஊர். மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தகர ஷெட். சித்திரை மாதத்து மத்தியானம். ஃபேனைத் தள்ளிக்கொண்டு வந்தவர் பொந்தியு பிலாத்து.

இப்படி ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போக முடியாது. ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் லேப்டாப். அது கேமிங் லேப்டாப். வாரத்துக்கு ஒரு பத்தி எழுதுகிற ஆளுக்கு எதற்குக் கேமிங் லேப்டாப்? என் மனைவி ஜெயசீலியும் இதையேதான் கேட்டாள். "டைப் அடிக்கும்போது ஹேங் ஆகக் கூடாது பாரு" என்றேன். அவள் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். நான் அதில் டிராக்டர் ஓட்டுகிறேன். விவசாய கேம். உழலாம், விதைக்கலாம், அறுவடை மெஷின் இறக்கலாம். சொந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தஞ்சாவூரில் மாடி வீட்டில் ஏ.சி. போட்டுக்கொண்டு, ஏதோ ஒரு வெளிநாட்டுக் கோதுமை வயலை உழுதுகொண்டிருக்கிறேன்.

இதை ஒரு நாள் மச்சான் பார்த்துவிட்டார். மச்சான் என்றால் ஜெயசீலியின் அண்ணன் அமல்ராஜ். நெல் விவசாயி… நிஜ விவசாயி. என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்தார்.

"சொந்த நெலத்தக் குத்தகைக்கு வுட்டுட்டு இதுல உழுவுறீங்களாக்கும்?"

"சும்மா பொழுதுபோக்குக்குதான் மச்சான்."

"ம்… அங்க த்ரீ ஃபேஸ் எப்ப வரும்?"

கரண்ட் எப்போதும் இருக்கும் என்றேன். மழை வேண்டுமென்றால் செட்டிங்கில் போய் வரவழைத்துக்கொள்ளலாம் என்றேன். "அப்ப அது வெவசாயமே இல்ல" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

மச்சானுக்கு இந்த உலகத்தில் ஒரே எதிரிதான். லோ வோல்டேஜ். குறுவைக்கு நாற்றுவிடும் சமயத்தில் ஊரில் உள்ள மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும். வோல்டேஜ் இறங்கும். மோட்டார் முனகும். காயில் கருகும். அவருடைய பம்புசெட் இப்படி ஒரு தடவைக்கு மேல் புகைந்திருக்கிறது. அதிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் "நல்லாயிருக்கீங்களா" என்று கேட்பதற்கு முன்னால் டியூப்லைட்டை அண்ணாந்து பார்ப்பார். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவரில் திரு இருதய ஆண்டவர் படம். எதிர்ச் சுவரில் வீடு முழுவதற்குமான மெயின்லைன் ஸ்டெபிலைசர். இரண்டிலும் சின்ன விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். எதற்கு அதிக பக்தி என்று கேட்டால் மச்சான் கோபித்துக்கொள்வார்.

அவர் எப்படிப் பிலாத்து ஆனார்? ஈஸ்டர் முடிந்ததும் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் பாஸ்கா நாடகம் போடுவார்கள். இயேசுவின் பாடுகள், மரணம், உயிர்ப்பு. அதில் இயேசுவுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும் ரோமாபுரி ஆளுநர் பிலாத்து, பல வருஷமாக மச்சான்தான். வெல்வெட் அங்கி, பித்தளைத் தாம்பாளம். கை கழுவும் காட்சியில் அவர் தண்ணீரை உதறுகிற உதறலுக்கு முன்வரிசைக்காரர்கள் துண்டு எடுத்து வர வேண்டும்.

இந்த வருஷம் ஊர் இளைஞர்கள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். வரைந்த திரைச்சீலைகள் வேண்டாம். மன்னார்குடியிலிருந்து பெரிய எல்.இ.டி. திரை வாடகைக்கு வரும். எருசலேம், கெத்சமனி, கல்வாரி… எல்லாம் அதில் அசையும், மின்னும், இடி இடிக்கும். அத்தனை காட்சியையும் கம்ப்யூட்டரில் செய்து கொடுத்தவள் ஷைனி. மச்சானின் ஒரே மகள். திருச்சியில் அனிமேஷன் படித்தவள். அவளுடைய பழைய கம்ப்யூட்டர் அதையெல்லாம் இழுக்காது. கேமிங் லேப்டாப் வைத்திருக்கிற சொந்தக்காரர் யார்? வெளிநாட்டில் கோதுமை பயிரிடும் மாமாதான்.

ஷைனிக்குப் பெங்களூரில் ஒரு கேம் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. மச்சானுக்கு விருப்பமில்லை. பி.எட். முடித்துவிட்டுப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக வேண்டும் என்பது அவருடைய கனவு. வீட்டில் இது வாரக்கணக்காகப் புகைந்து, ஒரு நாள் என் முன்னாலேயே பந்தயத்தில் வந்து நின்றது.

"பாஸ்கா அன்னிக்கு ஒன் படம் நடுவுல நிக்காம ஓடுதா பாப்போம். ஓடுச்சுன்னா பெங்களூரு போ. ஒரு தடவ நின்னாலும் பி.எட்.டுதான். சரியா?"

"சரிப்பா" என்றாள். ஒரு நொடி யோசிக்கவில்லை. அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்லத்தான் வேண்டுமா?

ஆக, ஒரு பெண்ணின் எதிர்காலம் என் லேப்டாப்பில் படத்தை ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டில் வந்து உட்கார்ந்தது. அதுவரை அந்தக் கார்டு சுமந்த அதிகபட்சப் பொறுப்பு ஒரு டிராக்டர்தான்.

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். முதல் ரிகர்சல். தகர ஷெட்டுக்குள் வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. கெத்சமனித் தோட்டம் திரையில் வந்ததும் எல்லோரும் "ஆ" என்றார்கள். ஒலிவ மரத்தில் இலை இலையாக அசைகிறது. லேப்டாப்போ மாவு மில் மாதிரி இரைகிறது. யூதாஸ் முத்தம் கொடுக்க நெருங்கும்போது நிலா தாவித் தாவி நகர ஆரம்பித்தது. ஷைனியின் முகம் மாறியது. மச்சான் தாம்பாளத்தில் கை வைத்த நேரம் பார்த்து, அரண்மனைத் தூண்கள் எல்லாம் மறைந்து திரை கறுப்பாகிவிட்டது.

"கரண்ட் போயிடுச்சா?" என்று மேலே எரியும் பல்பைப் பார்த்தார் பிலாத்து.

"இல்லப்பா… சூட்டுல லேப்டாப் ஆஃப் ஆயிடுச்சு. ரிகர்சல்தானே, இது கணக்குல வராது."

"கணக்குல வராது. மனசுல வெச்சிக்கிறேன்" என்றார். பிறகு என்ன தோன்றியதோ… "சூடுதானே? இருங்க" என்று வெல்வெட் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது அந்த ராட்சச ஃபேனோடு வந்தார். களத்தில் நெல்லையும் பதரையும் பிரிப்பதற்கு வைத்திருப்பது. சம்பா அறுவடைக்குப் பிறகு யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. துடைத்திருக்கவும் இல்லை.

ஷைனி "அப்பா, வேணாம்ப்பா…" என்று சொல்லி முடிப்பதற்குள் யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள்.

சுணை தெரியுமா உங்களுக்கு? நெல்லின் மேல் இருக்கும் பொடி முள். கண்ணுக்குத் தெரியாது. உடம்பில் பட்டால் குளிக்கிற வரைக்கும் அரிக்கும். போன அறுவடையின் சுணை மொத்தமும் அந்த ஷெட்டுக்குள் ஒரு மேகமாகக் கிளம்பியது. வெற்று மார்போடு நின்ற ரோமப் போர்வீரர்கள் ஈட்டியைப் போட்டுவிட்டுச் சொறிந்தார்கள். தலைமைக் குரு முதுகைத் தூணில் தேய்த்தார். இயேசுவாக நடிக்கும் தம்பி மட்டும் கொஞ்ச நேரம் பொறுமையாக நின்றார். பிறகு அவரும் சொறிந்தார். என் லேப்டாப் இரண்டு பக்கத்துத் துவாரங்களாலும் ஆசை தீர இழுத்துக்கொண்டது.

தஞ்சாவூர் திரும்பும்போது, லேப்டாப்பைச் சரிசெய்ய ஷைனியும் கூடவே வந்தாள். காரில் எனக்கு ஒரு சந்தேகம். "ஏம்மா… அப்பா பந்தயத்துக்காக வேணும்னே இப்படிப் பண்ணிட்டாரோ?"

"இல்ல மாமா. அப்பாவுக்கு அவ்ளோ பிளான் பண்ணத் தெரியாது" என்றாள், கையைச் சொறிந்துகொண்டே.

அடுத்த சில நாள் அவள் எங்கள் வீட்டில்தான் தங்கினாள். லேப்டாப்பின் அடிப்பலகையைக் கழற்றி, பெயின்ட் பிரஷால் உள்ளே இருந்த பதரையும் தூசியையும் தட்டி எடுத்தாள். ஒரு கைப்பிடி தேறியது. மாட்டிப் போட்டுப் பார்த்தால், சூடு குறைந்தது. ஆனால் போதுமான அளவு குறையவில்லை. இந்த வெயிலில் திறந்தவெளி மேடையில் தாங்காது என்றாள்.

"வோல்டேஜக் கொறைக்கப் போறேன் மாமா."

காசு கொடுத்து வாங்கிய பொருளின் வோல்டேஜை நாமே குறைப்பதா? ஊரே வோல்டேஜ் பற்றவில்லை என்று அழுதுகொண்டிருக்கும்போதா?

அவள் விளக்கினாள். ஒரே மாடல் கார்டு என்றாலும் ஒவ்வொரு சிப்பும் கொஞ்சம் வேறுவேறு. ஒன்று குறைந்த வோல்டேஜிலேயே ஓடும், இன்னொன்றுக்குக் கூடுதலாக வேண்டும். எதற்கும் பற்றாமல் போய்விடக் கூடாதே என்று கம்பெனி எல்லாவற்றுக்கும் அதிகமாகவே வைத்துவிடுகிறது. கல்யாணப் பந்தியில் இலையைக் கையால் மறைத்தாலும் சாம்பாரை ஊற்றிவிட்டுப் போவார்களே, அப்படி. அதிக வோல்டேஜால் அதிக சூடு. சூடு எல்லை தாண்டினால் கார்டு தானே பயந்துபோய் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நிலா தாவியது அதனால்தான். அதற்கும் மேலே போனால் மொத்தமாகப் படுத்துவிடும்.

"அதனால வோல்டேஜையும் கொஞ்சம் எறக்கி, கிளாக் ஸ்பீடையும் ஒரு அளவுக்கு மேல ஏறவிடாம நிறுத்திட்டா, அது பாட்டுக்கு நின்னு ஓடும் மாமா."

நானும் சும்மா இருக்கவில்லை. இன்டர்நெட்டில் தேடி, இதே மாடல் வைத்திருக்கும் யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்த அளவுகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். பக்கத்து வயல் பச்சையாக இருந்தால் "என்னங்க போட்டீங்க?" என்று கேட்டு, அதையே வாங்கிப் போடுகிற ஊர்க்காரன் நான். ஷைனியும் மரியாதைக்காகப் போட்டுப் பார்த்தாள். திரை அப்படியே உறைந்து நின்றது.

"ஒரே நாத்தங்கால்ல பறிச்ச நாத்துதான். எல்லா வயல்லயும் ஒரே மாதிரியா வெளையுது?" என்று சிரித்தாள்.

பிறகு அவள் வழியில் போனாள். கொஞ்சம் இறக்குவது, எருசலேமை ஓடவிட்டுப் பார்ப்பது. இன்னும் கொஞ்சம் இறக்குவது, ஓடவிடுவது. உறைந்து நின்றால் துளி ஏற்றுவது. எங்கள் கூடத்தில் பகல் முழுக்க இயேசு சிலுவையில் அறையப்பட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு இடத்தில் பிடி கிடைத்தது. உச்ச வேகம் முன்னைவிடக் குறைவுதான். ஆனால் அது குறையாமல் அப்படியே நின்றது. மாவு மில் சத்தம் போய் டேபிள் ஃபேன் சத்தம் வந்தது. நிலா ஒழுங்காக நகர்ந்தது.

ஜெயசீலி இதைச் சந்தோஷமாக அவள் அண்ணனுக்கு போனில் சொன்னாள். அங்கேதான் வந்தது வினை.

மறுநாள் உச்சி வெயிலில் வாசலில் பைக் சத்தம். மச்சான். பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய ஸ்டெபிலைசர். திரு இருதய ஆண்டவருக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. கழற்றிக்கொண்டே வந்துவிட்டார்.

"மாப்ள, அந்தப் புள்ள வோல்டேஜக் கொறச்சிட்டாளாமே?"

"ஆமா மச்சான். சூடு கொறையத்தான்…"

"படிச்ச புள்ளதானே அவ? வோல்டேஜ் கொறஞ்சா காயில் போயிடும்னு தெரியாது?"

"இதுல காயிலே கிடையாது மச்சான்."

"காயில் இல்லாம எப்புடிங்க ஓடும்?"

சாம்பார் உதாரணத்தைச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. "மோட்டாரும் மொதல்ல ஓடத்தான் செய்யும் மாப்ள. நீங்க அதையெல்லாம் பாத்ததில்ல. கேம்லதான் மோட்டார் எரியாதே" என்று போகிற போக்கில் எனக்கும் ஒன்று வைத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. நானும் கேட்டுவிட்டேன். "மச்சான், லேப்டாப் நின்னா உங்களுக்கு லாபம்தானே? ஷைனி ஊரோட இருப்பா. நீங்க நெனச்ச மாதிரி பி.எட். படிப்பா. அப்புறம் எதுக்கு இந்த வெயில்ல இதத் தூக்கிட்டு வந்தீங்க?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே திரும்பவும் துடைத்தார்.

"பந்தயம் வேற மாப்ள. ஊரே உக்காந்து பாக்கும்போது எம் புள்ள போட்ட படம் அணைஞ்சு போவணுமா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேணும்னா பந்தயத்த நான் வாபஸ் வாங்கிக்கிறேன். அவ பெங்களூரே போவட்டும். வோல்டேஜ மட்டும் ஏத்தச் சொல்லுங்க."

அத்தனை நாளாக அந்த மனுஷனை மகளின் வழியில் நிற்கும் வில்லனாகவே வைத்திருந்தேன். காரில் அப்படி ஒரு சந்தேகம்கூடப் பட்டேன். வெட்கமாக இருந்தது.

ஷைனி உள்ளறையிலிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறது. கண் கலங்கியிருந்தது. ஆனால் வாய்?

"வேணாம்ப்பா. நீங்க விட்டுக்குடுத்து நான் போவ வேணாம். கொறச்ச வோல்டேஜ்லயே ஓட்டிக் காட்டிட்டுதான் போவேன்."

பாருங்கள்… அப்பா இறங்கி வந்தால் மகள் ஏறிக்கொள்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு டீ போட்டுக் கொடுக்கச் சொன்னதோடு சரி.

நம் வீடுகளில் பாசத்துக்குக் கம்பெனி வைத்து அனுப்பும் அளவே ஹை வோல்டேஜ்தான் என்று அன்று தோன்றியது. பற்றாமல் போய்விடுமோ என்று பயந்து பயந்து அதிகமாகவே கொடுக்கிறோம். சூடாகிறது. நெல் தூற்றும் ஃபேனைக் கொண்டுவந்து வைக்கிறோம். சுணை பறக்கிறது. எல்லோரும் சொறிந்துகொண்டு நிற்கிறோம். கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம் என்று யாருக்காவது தைரியம் வருகிறதா? எனக்கு வந்ததில்லை. என் மகனுக்குத் தினமும் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்கிற ஆள்தான் நானும்.

கடைசியில் ஒரு சமரசம். வோல்டேஜ் ஷைனி வைத்த இடத்திலேயே இருக்கும். ஆனால் லேப்டாப்பின் சார்ஜரை மச்சானின் ஸ்டெபிலைசரில் சொருக வேண்டும். அந்தச் சார்ஜருக்கு அது தேவையே இல்லை. வெளியே கரண்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அது தானே சமாளித்துக்கொள்ளும். ஷைனிக்கு அது நன்றாகத் தெரியும். "சரிப்பா, சொருகிக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

பாஸ்கா அன்று பொழுது சாய்ந்ததும் நாடகம் தொடங்கியது. மேடையின் ஓரத்தில் ஒரு மேஜை. மேஜை மேல் லேப்டாப், பின்னால் ஷைனி. மேஜைக்கு அடியில் ஸ்டெபிலைசர், அதில் பச்சை விளக்கு. லைட்டுகள் கூடும்போதும் குறையும்போதும் அது டக், டக் என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் மூன்றாவது வரிசையில். தஞ்சாவூரில் எத்தனையோ கச்சேரிக்கும் கூட்டத்துக்கும் போயிருக்கிறேன். இப்படி நாற்காலி நுனியில் உட்கார்ந்ததில்லை.

கெத்சமனி ஓடியது. நிலா ஒழுங்காக நகர்ந்தது. அரண்மனை வந்தது. பிலாத்து தாம்பாளத்தில் கைவைத்தார். "இந்த நீதிமானின் இரத்தத்தின் மேல் எனக்குப் பழியில்லை" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வசனம். மச்சான் கூட்டத்தையும் பார்க்கவில்லை, இயேசுவையும் பார்க்கவில்லை. அவர் கண் முழுக்க மேஜைக்கு அடியில் எரியும் பச்சை விளக்கின் மேலேயே இருந்தது. தண்ணீரை உதறவும் மறந்துவிட்டார். முன்வரிசைக்காரர்கள் எடுத்து வந்த துண்டெல்லாம் வீண்.

கல்வாரியில் வானம் இருண்டது, மின்னல் வெட்டியது, கல்லறை திறந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. உயிர்ப்புக் காட்சியில் கூட்டம் கைதட்டியபோது, திரைக்குப் பின்னாலிருந்து பிலாத்துவின் தலை எட்டிப் பார்த்து, அவரும் கைதட்டினார். ரோமாபுரி ஆளுநர் உயிர்ப்புக்குக் கைதட்டியது அநேகமாக அன்றுதான் முதல் தடவையாக இருக்கும்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும், "என்ன இருந்தாலும் அந்தப் பழைய திரைச்சீல மாதிரி வராதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஊர் என்றால் அப்படி ஒருவர் இருக்கத்தானே வேண்டும்?

அடுத்த வாரமே ஷைனி கிளம்பினாள். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுக்கு எல்லோரும் போனோம். பெட்டி, பை, ஊறுகாய் டப்பா… கடைசியாக மச்சான் ஒரு சாக்குமூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். பிரித்துப் பார்க்கவே வேண்டாம். உள்ளே இருப்பது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாஸ்கா முடிந்து அது திரு இருதய ஆண்டவருக்கு எதிரே திரும்பிப் போகவேயில்லை.

"பெங்களூர்ல கரண்ட் எப்புடியிருக்கோ… வெச்சிக்கம்மா."

"மச்சான், அங்க ஆபீஸ்லயே கம்ப்யூட்டர்…" என்று நான் வாயெடுத்தேன். ஷைனி என் காலை நறுக்கென்று மிதித்தாள். அந்த வலி எனக்கு இரண்டு நாள் இருந்தது.

"குடுங்கப்பா" என்று வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. கண்டக்டர் அதைப் பார்த்து முறைத்ததையும் பொருட்படுத்தாமல் சீட்டுக்கு அடியில் தள்ளி, அதன் மேலேயே கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தது. மச்சான் தலையைத் தூக்கி, பஸ் ஸ்டாண்டு டியூப்லைட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது நன்றாகத்தான் எரிந்தது.

நேற்றுக் காலையில் மச்சானிடமிருந்து போன். சுற்றி வளைத்து மழை, மேட்டூர் தண்ணீர், ஜெயசீலியின் முழங்கால் வலி எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"ஒண்ணுமில்ல மாப்ள… வீட்டு மோட்டார்ல காயில் போயிடுச்சு. லோ வோல்டேஜு."

"ஸ்டெபிலைசர் இல்லாமயா போட்டீங்க?"

"ஷைனிகிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். எழுத மாட்டேன் என்று செய்யவில்லை.